நன்னடத்தைத் தெருவின் டிரான்ஸ்பார்மர்

எங்கள் தெருவில் கரண்ட் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கரண்ட் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதற்குத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான். டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி யோசிக்கும். ஓடுகிற மின்விசிறியின் இறக்கைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம். ஏரல் ஊரில் ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. நூற்றிருபது வீடுகளுக்கும் சேர்த்து வாய்க்கால் ஓரத்தில் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். அதை வைத்த காலத்தில் தெருவில் நாற்பது வீடு இருந்தது. பிரிட்ஜ் ஒரு வீட்டில் இருந்தது, அதுவும் பெரும்பாலும் திறந்து பார்ப்பதற்குத்தான் பயன்பட்டது.

நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவன். அதனால் அரசாங்கம் சம்பந்தப்பட்ட எதைப் பற்றியும் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வயிறு எரிந்தால் அது என் வயிற்றின் குற்றம்.

என் அடுத்த வீட்டுக்காரர் மந்திரமூர்த்தி. அவரும் அவர் மனைவி சந்தனமாரியும் இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். மத்தியானம் அரிசியும் உளுந்தும் ஊறும். சாயங்காலம் ஆறரைக்குக் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் மாவு தயார். விடியும்போது பொங்கி நிற்கும். ஐந்து மணிக்கு சைக்கிள் கேரியரில் ஏறி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூன்று ஓட்டல்களுக்குப் போய்விடும். இருபது வருடமாக இதுதான் அவர்கள் பிழைப்பு.

இரண்டு வருடமாக அந்த ஆறரை மணிக்கு ஒரு கேடு வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் கிரைண்டர் 'உம்' என்று உறுமும், சுற்றாது. கல்லைக் கையால் தள்ளிவிட்டால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் நின்றுகொண்டு உறுமும். இரண்டு தடவை மோட்டார் காயில் கருகிவிட்டது. மாவு நேரத்துக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. திருநெல்வேலியிலிருந்து பாக்கெட் மாவு வேனில் வர ஆரம்பித்திருந்தது. மூன்று ஓட்டலில் பெரியது நெல்லையப்பன் அண்ணாச்சியுடையது. அவர் ஒருநாள் மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்துச் சொன்னார்.

"மூர்த்தி, நான் ஒன்னிய விட்டுட்டு வேற ஆள்ட்ட மாவு வாங்கணும்னு நெனச்சது கெடயாது. ஆனா விடியக்காலம் ஆறு மணிக்கு வாரவன்ட்ட கரண்டு கதை சொல்ல முடியுமாவே? ஆவணி பொறக்கது வரைக்கும் பாக்கேன். அதுக்குப் பெறவு என்னக் கொற சொல்லக் கூடாது."

அப்போது சித்திரை நடந்துகொண்டிருந்தது.

லைன்மேன் நாறும்பூநாதன் எங்களுக்கு நல்ல பழக்கம். அவர் கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, இது அறுபத்து மூணு கேவிஏ தாங்குற டிரான்ஸ்பார்மரு. ஒங்க தெருவுக்கு நூறு வேணும். மாத்துனா ஒரு நாள் சோலி. மனு குடுங்க."

மனு கொடுத்தோம். பதில் வந்தது, ஆனால் மின்சார ஆபீசிலிருந்து வரவில்லை. பாளையங்கோட்டையில் புதிதாக ஆரம்பித்திருந்த 'மின் நுகர்வு நடத்தைச் சீரமைப்பு மைய'த்திலிருந்து வந்தது. கடிதத்தின் மேலே, 'மின்சாரம் கம்பியில் இல்லை, மனதில் இருக்கிறது' என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: 'தங்கள் தெருவில் மின்னழுத்தம் குறைவதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். மின்னழுத்தம் தானாகக் குறைவதில்லை. தாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை எடுப்பதால் குறைகிறது. எனவே இது டிரான்ஸ்பார்மர் தொடர்பான குறை அன்று, தங்கள் நடத்தை தொடர்பான குறை. இனி இம்மண்டலத்தில் எந்த டிரான்ஸ்பார்மரும் எமது மையத்தின் பரிந்துரை இன்றி மாற்றப்பட மாட்டாது.'

மந்திரமூர்த்தி அதை மூன்று தடவை படித்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "நம்ம தெருவுல யாரும் நடத்த கெட்டவன்னு பேரெடுத்திருக்கானா வே?"

பத்து நாளில் ஒரு பெண் வந்தாள். பெயர் ப்ரீதா. மனோதத்துவம் படித்தவளாம். கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை. நல்ல பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்கச் சொன்ன கேள்விகளைத்தான் கேட்டாள். முதலில் மந்திரமூர்த்தி வீட்டில் ஆரம்பித்தாள்.

"மின்விசிறியை அணைக்கும்போது உங்க மனசுல என்ன தோணுது? மகிழ்ச்சி, பெருமை, இழப்பு, எதுவுமில்லை. நாலுல ஒண்ணு சொல்லுங்க."

"வேர்க்கும்னு தோணும்."

"அது இந்த நாலுல இல்லை சார்."

"அப்ப இழப்புன்னு போட்டுக்கிடும்மா."

எதிர்வீட்டுக் கோமு மைனியிடம், "சாயங்காலம் ஆறரைக்கு விளக்கைப் போட உங்களைத் தூண்டுறது எது? பழக்கமா, அக்கம்பக்கத்தாரின் தாக்கமா, விளம்பரமா?" என்று கேட்டாள்.

கோமு மைனி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, "இருட்டிட்டுல்லா தங்கச்சி" என்றாள்.

ப்ரீதா டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். இருட்டுவது என்பதற்கு அதில் கட்டம் இல்லை. கடைசியில் 'அக்கம்பக்கத்தாரின் தாக்கம்' என்று போட்டுக்கொண்டாள். ஒரு வகையில் அதுவும் சரிதான். இருட்டு அக்கம்பக்கத்திலிருந்துதான் வருகிறது.

போகும்போது வாய்க்கால் ஓரம் போய் அந்த டிரான்ஸ்பார்மரையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அப்படிப் படம் எடுப்பது அவள் வேலையில் அடங்கியதல்ல என்று பிறகு தெரிந்தது.

அடுத்து இயக்குநரே வந்தார். முனைவர் சுந்தர்ராமன். கல்யாண மண்டபத்தில் கூட்டம். எங்கள் வோல்டேஜில் மைக் இழுக்காது என்று அவர்கள் ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தார்கள். அவர் பக்கத்தில் ஆளுயர ஏர்கூலர் ஒன்று அவரை மட்டும் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரின் சத்தத்துக்கு மேலே அவர் கத்திப் பேசினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! டிரான்ஸ்பார்மர் என்பது என்ன? இரும்பு, செம்பு, எண்ணெய். அதை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். ஒரு நாள் வேலை என்கிறார்கள். ஒரு நாளில் முடிகிற வேலைக்கு என்னைப் போன்ற ஒருவர் எதற்கு? மனிதனை மாற்றுவதுதான் கடினம். அதற்கு வருடக்கணக்காகும். அதனால்தான் எங்கள் மையத்தை வருடாவருடம் நீட்டித்துத் தருகிறார்கள். நான் ஆய்வுக்காகப் பன்னிரண்டு நாள் வெளிநாட்டில் இருந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு வீட்டில்கூட, ஒரே ஒரு வீட்டில்கூட, சாயங்காலம் யாரும் இட்லி மாவு அரைத்து நான் பார்க்கவில்லை!"

முன்வரிசையில் நாலு பேர் கைதட்டினார்கள். அவர்கள் ஆபீஸ் ஆட்கள்.

சந்தனமாரி எழுந்தாள். "சார், சாயங்காலம் அரைச்சாத்தான் விடியக்காலம் மாவு பொங்கும். அதுக்கு நாங்க என்ன செய்ய?"

இயக்குநர் அவளைக் கனிவாகப் பார்த்தார். "அம்மா, மாவு பொங்குவதும் ஒரு பழக்கம்தான். நாம் மாறினால் அதுவும் மாறும்."

இருபது வருடமாக மாவோடு பழகுகிறவள் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தின் முடிவில் மந்திரமூர்த்தியை மேடைக்கு அழைத்து, பச்சைத் தொப்பி ஒன்றை வைத்து, 'தெரு நடத்தைத் தூதர்' என்று அறிவித்தார்கள். அவர்தான் முதல் மனு கொடுத்தவர், ஆகையால் ஆர்வமுள்ளவர் என்று முடிவு செய்திருந்தார்கள். மூன்று மாதம் தெரு ஒழுங்காக நடந்துகொண்டால் டிரான்ஸ்பார்மருக்குத் தானே பரிந்துரை எழுதுவதாக சுந்தர்ராமன் மைக்கில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மந்திரமூர்த்தி தொப்பியைக் கழற்றவில்லை. ஆவணிக்குள் நூறு வந்துவிட்டால் நெல்லையப்பன் கடை கையைவிட்டுப் போகாது. எங்களுக்கும் அது தெரியும். அவருக்காகத்தான் நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

மறுநாள் அட்டவணை வந்தது. சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை ஒற்றைப்படை எண் வீடுகளில் விளக்கு எரியலாம், விசிறி ஓடக் கூடாது. இரட்டைப்படை வீடுகளில் விசிறி ஓடலாம், விளக்கு எரியக் கூடாது. மந்திரமூர்த்தி ஒரு விசில் வைத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தார்.

முதல் வாரம் எல்லோரும் அவரவர் வீட்டில் இருட்டிலோ புழுக்கத்திலோ இருந்து பார்த்தோம். இரண்டாவது வாரம் சனம் நடமாட ஆரம்பித்துவிட்டது. என் வீடு பதினொன்று, விளக்கு உண்டு. பன்னிரண்டாம் எண் அஸீலா அக்கா வீட்டில் காற்று உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்க எங்கள் வீட்டுக்கு வருவார்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் காற்று வாங்க அவர்கள் வீட்டுக்குப் போவோம். சாப்பிடுவதில்தான் சங்கடம் வந்தது. விளக்கு வீட்டில் சாப்பிட்டால் வியர்வை இலையில் சொட்டுகிறது, காற்று வீட்டில் சாப்பிட்டால் மீன் முள் தெரியவில்லை. முள்ளுக்குப் பயந்து தெருவே சைவமாகிவிட்டது. இதை மையத்தின் அறிக்கையில் 'எதிர்பாராத நற்பயன்' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு டிவியைக் கணக்கெடுத்தார்கள். எழுபத்தெட்டு வீட்டில் ஏழரை மணிக்கு ஒரே சீரியல் ஓடுகிறது. எழுபத்தெட்டுப் பேர் ஒரே கதையை எழுபத்தெட்டு டிவியில் பார்ப்பது நடத்தைக் கோளாறு, ஒரு வீட்டில் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும் என்று உத்தரவு வந்தது. கோமு மைனியைப் போட்டார்கள். மைனி பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வாசலில் நின்று கதை சொல்வாள். நான்காம் நாளே அவள் அந்தக் கொடுமைக்கார மாமியாரை லாரியில் அடித்துக் கொன்றுவிட்டாள். சீரியலில் அந்த அம்மாள் திடமாக இருந்திருக்கிறாள். "எவ்வளவு நாளு அவ அநியாயத்தப் பொறுத்துக்கிட்டே இருக்க? எனக்கு ஏலல" என்றாள் மைனி. தெருவில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எங்கள் தெருவில் அந்தச் சீரியல் அதோடு முடிந்துவிட்டது. இதனால் மிச்சமான மின்சாரத்தைப் பற்றி மையம் தனியாக ஒரு புத்தகம் போட்டது.

எங்களுக்கெல்லாம் இது விளையாட்டு. மந்திரமூர்த்திக்கும் சந்தனமாரிக்கும் அப்படி இல்லை. கிரைண்டருக்கு அட்டவணையில் பகல் ஒன்றரை முதல் மூன்றரை வரை ஒதுக்கியிருந்தார்கள். கோடை வெயிலில் மத்தியானம் அரைத்த மாவு ராத்திரியே பொங்கி வழிந்து, விடியும்போது புளித்துப் போனது. ஐஸ் கட்டி சுற்றி வைத்தார்கள், ஈரச்சாக்குப் போர்த்தினார்கள், உப்பைப் போடாமல் பார்த்தார்கள். மாவு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனி பாதியில் சின்ன ஓட்டல் இரண்டும் பாக்கெட்டுக்குப் போய்விட்டன. நெல்லையப்பன் மட்டும் புளித்த மாவை ஊத்தப்பமாக ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்.

"ஒங்க தொப்பியக் கழத்திப் போட்டுட்டு ஆறரைக்கு அரைக்கப் போறேன்" என்றாள் சந்தனமாரி.

"இன்னும் ஒரு மாசந்தான்ட்டி. பரிந்துர எழுதுதேன்னு அத்தன பேரு முன்னால சொல்லியிருக்காரு. படிச்ச மனுசன்."

"படிச்ச மனுசன்தான் மாவுட்ட பேசிப் பாருங்காரு."

ஆடி மாதம் கடைசிப் பரீட்சை வந்தது. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாளில். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. கரண்ட் போனதும் லைட், பேன், டிவி, மிக்சி என்று எல்லாச் சுவிட்சையும் போட்டு வைப்போம். வந்தால் தெரிய வேண்டும் அல்லவா? வந்ததும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் எல்லாம் ஓட ஆரம்பிக்கும், சின்னப் பிள்ளைகள் "வந்துட்டு!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விடும். நாறும்பூநாதன் வந்து பீஸ் கம்பி கட்டுவார். மறுபடியும் "வந்துட்டு!"

சுந்தர்ராமன் இதைக் கண்டுபிடித்து மிகவும் வருந்தினார். 'கரண்ட் வந்ததை அறிய மின்சாரத்தையே செலவழிப்பது பண்பட்ட நடத்தை அன்று. இம்முறை எல்லா வீடுகளிலும் மெயின் சுவிட்சை இறக்கி வைக்கவும். மின்சாரம் வந்ததும் எமது கணினியிலிருந்து தூதரின் கைபேசிக்குச் செய்தி வரும். அதன் பிறகே மெயினை ஏற்றவும். இதில் தேறினால் பரிந்துரை உறுதி.'

மந்திரமூர்த்தி வீடு வீடாகப் போய்த் தானே மெயினை இறக்கினார். ஐந்து மணி ஆயிற்று. செய்தி வரவில்லை. ஆறு ஆயிற்று. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விளக்குகள் எரிந்தன.

"கீழத் தெருவுல வந்துட்டு" என்றாள் கோமு மைனி.

"அது அவங்க டிரான்ஸ்பார்மரு. நமக்கு எப்பவும் கடேசியிலதான மைனி வரும்? மெசேஜ் வரட்டும்."

"ஒரே ஒரு லைட்டப் போட்டுப் பாத்தா என்ன வே?" என்று நான் கேட்டேன்.

மந்திரமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இன்னைக்கு ஒரு நாளு. மூணு மாசப் பாடும் வீணாப் போயிரும்."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கு மெயின் பக்கம் கை போகும்? மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தோம். மத்தியான முறை தவறிப்போன சந்தனமாரி, கரண்ட் வந்ததும் அரைக்கலாம் என்று ஊறின அரிசியைத் தொட்டுப் பார்ப்பதும், தண்ணீரை மாற்றுவதுமாக இருந்தாள். எட்டரைக்கு அவள் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் நாறும்பூநாதன் சைக்கிளில் வந்தார். மந்திரமூர்த்தி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், தொப்பியோடு.

"என்ன அண்ணாச்சி, தெருவே செத்த மாரி கெடக்கு?"

"கரண்டு எப்ப வரும்?"

"எப்ப வருமா? நேத்து அஞ்சே காலுக்கே விட்டாச்சே!"

பிறகுதான் விஷயம் தெரிந்தது. தெரு மின்சாரத்தை எடுக்க ஆரம்பித்தால்தான் கரண்ட் வந்துவிட்டது என்று மையத்தின் கணினிக்குத் தெரியுமாம். தெரிந்தால்தான் செய்தி அனுப்புமாம். நாங்கள் செய்திக்காகக் காத்திருந்தோம், அது எங்களுக்காகக் காத்திருந்தது. இரண்டு தரப்பும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மந்திரமூர்த்தியின் வீட்டுப் பின்பக்கம் சந்தனமாரி ஒரு அண்டா அரிசியை எருமைக்குக் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டது. நெல்லையப்பன் கடையில் அன்றைக்கு முதல் தடவையாக பாக்கெட் மாவு இறங்கியது.

மையத்தில் யாரும் வருந்தவில்லை. சாயங்காலம் ஐந்தே கால் முதல் மறுநாள் விடியும்வரை எங்கள் தெருவின் மின்தேவை பூஜ்ஜியம் என்று கணினியில் பதிவாகியிருந்தது. இப்படி ஒரு வெற்றி எங்குமே நடந்ததில்லை என்று பாளையங்கோட்டையில் விழா வைத்தார்கள். 'பூஜ்ஜியத் தெரு' என்று எங்களுக்குப் பட்டம். மந்திரமூர்த்திக்கு சால்வை, கேடயம். துணைக்கு நான் போயிருந்தேன். மண்டபத்தில் ஏசி கை கால் விறைக்கிற அளவுக்கு ஓடியது. முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் 'சிக்கன வீடு' என்று ஒரு மாதிரி வைத்திருந்தார்கள். அதன் சிக்கனம் எல்லோருக்கும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று இரவும் பகலும் அதைச் சுற்றி முப்பது விளக்குகள் எரியுமாம்.

மந்திரமூர்த்தி கேடயத்தை வாங்கிக்கொண்டு மேடையிலேயே கேட்டுவிட்டார். "சார், அந்தப் பரிந்துர?"

"எழுதிவிட்டேன்!" என்றார் சுந்தர்ராமன். "நேற்றே கையெழுத்துப் போட்டாயிற்று. நான் சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை."

மந்திரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் வரும்வரை கேடயத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். ஆவணிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

தெருவில் நுழைந்தபோது வாய்க்கால் ஓரம் கூட்டம். கிரேன் நின்றது. எங்கள் டிரான்ஸ்பார்மர் லாரியில் ஏறியிருந்தது. அது இருந்த இடத்தில் பால் கேன் மாதிரி சின்னதாக ஒன்றை நாறும்பூநாதன் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நூறா?" என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

நாறும்பூநாதன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இருவத்தஞ்சு அண்ணாச்சி. ஒங்க தெருவுக்கு அறுபத்து மூணு அதிகம்னு பரிந்துர வந்திருக்கு. தேவையே இல்லன்னு நிரூபிச்சுட்டீங்களாமே."

"அப்ப இது எங்க போவுது?"

"பாளையங்கோட்டைக்கு. அந்த நடத்த ஆபீசுல புதுசா ஒரு மாடி கட்டியிருக்காவல்லா, பதினாலு ஏசி. இருக்க கரண்டு காணாதாம்."

மந்திரமூர்த்தி அப்படியே வாய்க்கால் சுவரில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எனக்கும் கோபம் வந்தது, மறைப்பானேன்? சந்தனமாரி மட்டும் அழவில்லை. லாரி போகிற திக்கையே பார்த்துக்கொண்டு நின்றவள், நாறும்பூநாதனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கன சாயங்காலம் வோல்டேஜ் எப்படி இருக்கும்?"

"கல்லு மாரி நிக்கும்."

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மையத்தில் கருத்தரங்கம். தலைப்பு, 'மாலை நேர மின்தேவையைத் தணித்தல்'. நேரம், மாலை ஆறரை முதல் எட்டரை. சென்னையிலிருந்தெல்லாம் பெரியவர்கள் வந்திருந்தார்கள். கட்டிடத்தில் எரியாத விளக்கு இல்லை. எங்கள் டிரான்ஸ்பார்மரோடு பழகியவர் என்பதால் அவசரத்துக்கு என்று நாறும்பூநாதனையும் வரவழைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

ஆறு மணிக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி உள்ளே நுழைந்தது. அதில் கிரைண்டர், இரண்டு அண்டா, ஊறின அரிசி, ஊறின உளுந்து. பின்னால் ஒரு வேனில் நாங்கள் இருபது பேர். பூஜ்ஜியத் தெருக்காரர்கள் என்றதும் காவலாளி சல்யூட் அடித்து உள்ளே விட்டான். புது மாடியின் கூடத்தில் ஏசிக்கென்று ஒரு பெரிய பிளக் பாயிண்ட் சும்மா இருந்தது. சந்தனமாரி கிரைண்டர் ஒயரை அதில் சொருகினாள். கோமு மைனியும் அஸீலா அக்காவும் அந்தப் பிளக்கை மறைத்துச் சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். சந்தனமாரி உளுந்தை அள்ளிப் போட்டு சுவிட்சைத் தட்டினாள்.

கிரைண்டர் உறுமவில்லை. எடுத்த எடுப்பிலேயே சுற்றியது. கல் சுற்றுகிற வேகத்தைப் பார்த்து மந்திரமூர்த்தி, "ஏ யப்பா!" என்று குழந்தை மாதிரி சொன்னார். சந்தனமாரி சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான்.

சத்தம் கேட்டு சுந்தர்ராமன் ஓடிவந்தார். "என்ன இது? யார் உங்களை இங்கே விட்டது?"

"எங்க டிரான்ஸ்பார்மர் இங்கனதான சார் இருக்கு" என்றாள் சந்தனமாரி. "அது எங்க இருக்கோ அங்கதான நாங்க அரைக்கணும்?"

"உள்ளே கருத்தரங்கம் நடக்கிறது!"

"நடத்துங்க சார். நாங்க பைய ஒரு ஓரமா அரைச்சுக்கிடுதோம்."

அவர் பிளக்கைப் பார்த்தார். அதன் முன்னால் கோமு மைனி இருந்தாள். மைனியைத் தாண்டிப் போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. அவர் நாறும்பூநாதனைக் கூப்பிட்டார். "இந்தக் கரண்டை நிறுத்து!"

நாறும்பூநாதன் தலையைச் சொறிந்தார். "இது எந்த லைன்ல வருதுன்னு தெரியல சார். புதுக் கட்டடம். மெயினத்தான் எறக்கணும்."

"இறக்கு!"

இறக்கினார். கிரைண்டர் நின்றது. கூடவே பதினாலு ஏசியும், மைக்கும், கண்ணாடிப் பெட்டியின் முப்பது விளக்குகளும் நின்றன. அந்தக் கட்டிடத்தில் திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. பத்து நிமிடத்தில் சென்னைப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கருத்தரங்க மலரால் விசிறிக்கொண்டு, என்ன என்று கேட்டார்கள். ஒருவர் கோட்டைக் கழற்றிவிட்டார். இன்னொருவர், "இது என்ன நிர்வாகம், சுந்தர்ராமன்?" என்றார்.

"ஏற்று!" என்று கத்தினார் சுந்தர்ராமன்.

ஏற்றினார். கிரைண்டரும் சுற்றியது. கருத்தரங்கம் உள்ளே போனது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வெளியே வந்தது. மறுபடியும் இறக்கினார்கள். வியர்த்தது. மறுபடியும் ஏற்றினார்கள். நான்காம் தடவை இயக்குநர் எங்கள் முன்னால் வந்து நின்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

"நூறு" என்றாள் சந்தனமாரி.

"அதற்கெல்லாம் ஆய்வு வேண்டும், அறிக்கை வேண்டும், கடிதம் தயாரிக்கவே ஒரு மாதம்..."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கடிதம் இருக்கு சார்." ப்ரீதா. கையில் ஒரு தாள். "முதல் தடவை போய்ட்டு வந்த அன்னைக்கே டைப் பண்ணிட்டேன். நூறு வேணும்னு போட்டோவோட எழுதியிருந்தேன். அதுல நடத்தையைப் பத்தி ஒண்ணுமில்லைன்னு நீங்கதான் திருப்பிக் குடுத்துட்டீங்க."

உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அன்பாக அல்ல. சுந்தர்ராமன் பேனாவை எடுத்தார். வைத்து எழுத இடம் தேடி, கடைசியில் மந்திரமூர்த்தி திரும்பி நிற்க, அவர் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மந்திரமூர்த்தி கூச்சத்தில் நெளிந்தார். நாறும்பூநாதன் தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "நாளைக்கே ஸ்டோர்ல காட்டி எடுத்துருதேன் அண்ணாச்சி, சனிக்கெழம பூட்டிரலாம்" என்றார்.

"போதுமா? இனி கிளம்புங்கள்" என்றார் இயக்குநர்.

சந்தனமாரி உளுந்தை வழித்து அண்டாவில் சேர்த்தாள். கையைக் கழுவினாள்.

"உளுந்துதான் ஆயிருக்கு சார், அரிசி கெடக்கு. இப்ப அரைச்சாத்தான் விடியக்காலம் நெல்லையப்பன் அண்ணாச்சி கடைக்குப் போவும். நீங்க போய்ப் பேசுங்க."

அவர் போனார். மேடையில் ஏறி, மாலை நேர மின்தேவையைத் தணிப்பது பற்றி ஒன்றே கால் மணி நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குக் கேட்கவில்லை. கிரைண்டர் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.